மின்சாரம் திரும்பும் வழி

சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரி என்று பெயர் பெற்றிருப்பினும் அது நன்னீர் ஏரியன்று. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழியாகும். நம் நாட்டு உப்பங்கழிகளுள் ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் இங்கு எழுப்பிய ஜெல்திரியாக் கோட்டை இன்று சிதைந்து முட்புதர் மண்டிக் கிடக்கிறது. இவ்வேரியின் தென்பகுதியில் கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் அமைந்துள்ளன. இறால், நண்டு, மடவை ஆகியவற்றைப் பிடித்து விற்பதே இம்மக்களின் பிழைப்பு.

பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகள் சென்னைக்குப் பொருள்களைச் சுமந்து சென்ற காலம் ஒன்று உண்டு. இந்நாளில் அவ்வேலையைச் சிறு சுமைவண்டிகளே செய்கின்றன. 'பிக்கப்' என்றும், சற்றே செல்லமாகக் 'குட்டியானை' என்றும் மக்கள் அவற்றை அழைப்பர். பனிக்கட்டி இட்ட மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, விடியுமுன் பொன்னேரிச் சாலையில் அவை விரையும். சந்தைக்கு முதலில் வரும் மீனுக்கு நல்ல விலை. வெயில் ஏறிய பின் வரும் மீனுக்குக் கேட்ட விலை. ஆகவே வண்டி ஒரு மணி நேரம் தாமதித்தால் ஓட்டுநர் ஒருவர்க்கு மட்டுமன்று, இரவெல்லாம் நீரில் நின்று வலையிழுத்த பல குடும்பங்களுக்கும் இழப்பு நேரும்.

அத்தகைய ஊரில் பதினைந்து ஆண்டு உழைத்த பழைய பிக்கப் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிகாலை மூன்று மணி. பெட்டிகள் ஏற்றியாயிற்று. ஓட்டுநர் சாவியைத் திருகுகிறார். 'டக்' என்று ஓர் ஒலி எழுகிறது, எஞ்சின் சுழலவில்லை. மறுபடியும் திருகுகிறார், மறுபடியும் அதே ஒலி. நான்கு பேர் கூடித் தள்ளிய பிறகே வண்டி உயிர் பெறுகிறது. முந்தின வாரமும் இவ்வாறே நேர்ந்தது. பேட்டரி பழுதாயிற்று என்று எண்ணி, வட்டிக்குக் கடன் வாங்கிப் புதிய பேட்டரி ஒன்றை அவர் பொருத்தியிருந்தார். கடன் வந்ததேயன்றிக் குறை போகவில்லை. பின்விளக்குகளிலோ வேறொரு விந்தை. பிரேக்கை மிதித்தால் பின்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு மங்கி எரிகிறது. முன்னால் இருக்கும் இண்டிகேட்டர் விளக்கு, யாரும் அதனை இயக்காதபோதே, இலேசாக ஒளிர்கிறது. இருளில் இவ்வண்டியைத் தொடர்ந்து வரும் பேருந்தின் ஓட்டுநர் இதனை எவ்வாறு பொருள் கொள்வார்?

இக்குறைகளின் வேரை அறிய வேண்டுமாயின், வண்டியில் மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

பேட்டரிக்கு இரு முனைகள் உண்டு. ஒன்று நேர் முனை. மற்றொன்று எதிர் முனை. மின்னோட்டம் நேர் முனையிலிருந்து புறப்பட்டு, விளக்கு, ஒலிப்பான், ஸ்டார்ட்டர் முதலிய கருவிகளுள் புகுந்து, எதிர் முனைக்குத் திரும்புகிறது. புறப்படும் வழி எவ்வளவு தேவையோ, திரும்பும் வழியும் அவ்வளவு தேவை. சுற்று நிறைவு பெறாவிடின் ஓட்டம் இல்லை. வீட்டு விளக்கிற்கு இரண்டு கம்பிகள் செல்வதை நாம் காண்கிறோம். மோட்டார் வண்டியிலோ பெரும்பாலும் ஒவ்வொரு விளக்கிற்கும் புறப்படும் வழிக்கென ஒரு கம்பியே நீளமாகச் செல்லும். திரும்பும் வழியாக வண்டியின் இரும்பு உடலே பயன்படுகிறது. விளக்கின் அருகில் ஒரு சிறு கம்பியை உடலில் திருகிவிட்டால் போதும். பேட்டரியின் எதிர் முனையும் ஒரு தடித்த கம்பியால் அவ்வுடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். கம்பியின் செலவில் ஏறக்குறையப் பாதி இதனால் மிஞ்சுகிறது.

இவ்விணைப்பைத் தொழிலாளர் 'எர்த்து' என்று வழங்குவர். எர்த்து என்றால் நிலம். ஆனால் இரப்பர்ச் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டிக்கும் நிலத்திற்கும் மின்தொடர்பு ஏது? இப்பெயர் தந்தித் தொழிலிலிருந்து வந்தது. 1838-இல் ஸ்டைன்ஹைல் என்னும் செருமானிய அறிஞர், தந்திக்கு இரண்டாம் கம்பி வேண்டா, மின்சாரம் திரும்பும் வழியாக நிலத்தையே கொள்ளலாம் என்று கண்டார். பின்னர் மோட்டார் வண்டி தோன்றி, இரும்பு உடல் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியபோதும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. சொற்களும் சில வேளைகளில் தம் பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்துவிடுகின்றன.

திரும்பும் வழி அடைபட்டால் நிகழ்வது யாது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆரணியாற்று நீர் ஏரியில் வந்து சேர்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடலை அடைகிறது. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து மேடிட்டால், ஆறு எவ்வளவு நீரைக் கொணர்ந்தாலும் பயனில்லை. வரும் வழியில் ஒரு குறையும் இராது. போகும் வழியே குறையுடையது. அப்போது நீர் தாழ்ந்த இடம் எங்கே என்று தேடித் தனக்குரியதல்லாத வழியிலெல்லாம் புகும். மின்சாரத்தின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே. எர்த்து கெட்ட வண்டியில் அது வேற்று வழிகளில் நுழைகிறது.

எர்த்து ஏன் கெடுகிறது? திருகாணியால் இறுக்கிய இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடம் தூய்மையாக இருக்கும் வரையில் ஓட்டத்திற்குத் தடையில்லை. அவ்விடத்தில் காற்றும் ஈரமும் புகுந்தால் இரும்பில் துருவும் செம்பில் களிம்பும் படிகின்றன. துருவும் களிம்பும் மின்சாரத்தை எளிதில் கடத்தா. உள்நாட்டு ஊர்களில் இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். உப்பங்கழிக் கரையிலோ நிலைமை வேறு. உப்புக் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. செம்பும் இரும்பும் அந்நீரில் நனைந்து ஒன்றையொன்று தொடுமாயின் அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடுகிறது. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-இல், வெவ்வேறு உலோகத் தட்டுகளை உப்புநீரில் தோய்த்த அட்டைகளோடு அடுக்கி உலகிற்குக் காட்டிய மின்னடுக்கின் தத்துவம் இதுதான். வோல்ட்டா அரிதின் முயன்று செய்ததை மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் நீர் நாள்தோறும் தானே செய்கிறது! அந்தச் சிறு மின்கலத்தில் அரிக்கப்படுவது இரும்பு.

உப்பின் மற்றொரு குணத்தையும் கூறவேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்தால், உப்புப் படிவு அக்காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதை நம் வீடுகளில் பார்க்கிறோமன்றோ? கடற்கரையில் இரவும் விடியலும் ஈரம் மிக்கவை. நண்பகல் ஓரளவு உலர்ந்தது. ஆகவே விடியலில் நனைந்த இணைப்பு ஒருவகையாகவும், உச்சிவெயிலில் உலர்ந்த இணைப்பு வேறுவகையாகவும் நடக்கும். மூன்று மணிக்கு முரண்டிய வண்டி, பகல் பன்னிரண்டு மணிக்குப் பணிமனையில் நல்ல பிள்ளைபோல நடந்துகொள்வதும், 'குறை ஒன்றும் இல்லையே' என்று பணியாளர் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். பழுது பார்ப்பவர் பொய் சொல்வதில்லை. வண்டி ஓட்டுபவரும் பொய் சொல்வதில்லை.

உலோக அரிப்பை ஆராய்வது நம் நாட்டில் ஒரு பெருந்துறையாகவே வளர்ந்துள்ளது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடற்காற்றில் உலோகங்கள் படும் பாட்டை ஆராய்வதற்கென்றே கடலோரமாகிய மண்டபத்தில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தியது. பாலங்களையும் கப்பல்களையும் காக்க எழுந்த அவ்வறிவு, ஒரு மீன்வண்டியின் திருகாணிக்கும் பொருந்தும்.

இனி நம் வண்டிக்கு வருவோம். ஓட்டுநர் அதனை அனுபவம் மிக்க ஒரு முதியவரிடம் கொண்டு செல்கிறார்.

"ஐயா, புதுப் பேட்டரி போட்டும் செல்ஃபு எடுக்கவில்லை. முன்விளக்கு நன்றாக எரிகிறது. ஆதலால் ஸ்டார்ட்டரே போய்விட்டதென எண்ணுகிறேன்," என்கிறார் ஓட்டுநர்.

"தம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி அண்மையில் இறுகிப் போயிற்றா?" என்று கேட்கிறார் முதியவர்.

ஓட்டுநருக்கு வியப்பு. அக்கம்பி சில நாட்களாக இறுகித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முன்விளக்கு நன்றாக எரிவதால் மின்வழியெல்லாம் நன்றாக உள்ளது என்று முடிவு கட்டுவது, பலரும் செய்யும் பிழை. 12 வோல்ட்டில் எரியும் 55 வாட் விளக்கு ஒன்று ஏறக்குறைய 4.6 ஆம்பியர் ஓட்டத்தையே கொள்ளும். ஸ்டார்ட்டரோ எஞ்சினைச் சுழற்ற 150 ஆம்பியர் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் கேட்கும். தடையும் ஓட்டமும் பெருகிய அளவே மின்னழுத்த இழப்பு என்று ஓம் என்னும் அறிஞர் 1827-இல் வெளியிட்ட விதியை நீங்கள் அறிவியல் பாடத்தில் கற்றிருப்பீர்கள். ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொண்டு இவ்விதியைப் பொருத்திப் பாருங்கள். 4.6 ஆம்பியர் செல்லும்போது அங்கே இழப்பது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு, கண்ணுக்கே புலப்படாது. 150 ஆம்பியர் செல்ல முயலும்போதோ 3 வோல்ட் அங்கேயே அழிந்துவிடுகிறது. வாய்க்காலின் குறுக்கே கிடக்கும் ஒற்றைப் பனைமரம் ஓர் ஆளைத் தாங்கும், பாரவண்டியைத் தாங்குமா? அன்றியும், முன்விளக்கின் எர்த்து வேறு; எஞ்சினின் எர்த்து வேறு. ஒன்று நலமாயிருப்பது மற்றொன்றிற்குச் சான்று ஆகாது.

எஞ்சின் இரப்பர்த் திண்டுகளின் மேல் அமர்ந்திருக்கிறது. அதிர்வைத் தணிக்க அவை வேண்டும். ஆனால் அவை மின்சாரத்தைக் கடத்தா. எனவே எஞ்சினையும் வண்டியின் சட்டகத்தையும் இணைக்கச் செம்புக் கம்பிகளைப் பின்னிய பட்டை ஒன்றை மாட்டியிருப்பர். ஸ்டார்ட்டருக்குச் செல்லும் ஓட்டம் முழுவதும் திரும்புவது இப்பட்டையின் வழியேதான். இது கெட்டால், ஓட்டம் எஞ்சினையும் உடலையும் இணைக்கும் வேறு ஏதேனும் உலோகத்தைத் தேடும். மெல்லிய ஆக்சிலரேட்டர்க் கம்பி அதற்கு அகப்படுகிறது. அக்கம்பி சூடேறுகிறது, அதன் உறை உருகுகிறது, உருகி ஆறியபின் இறுகிவிடுகிறது. முதியவர் கேட்ட கேள்வியின் உட்பொருள் இதுவே. மருத்துவர் நாவைக் காட்டச் சொல்லி வயிற்று நோயை அறிவதைப் போன்றதே இது.

எனினும் அவர் ஊகத்தோடு நின்றுவிடவில்லை, மீட்டரை எடுத்தார். வண்டியை நியூட்ரலில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தபின், முதலில் பேட்டரியின் இரு முனைகளில் மீட்டரை வைத்தார். 12.6 வோல்ட் காட்டியது. நன்கு மின்னேறிய பேட்டரிக்கு உரிய அளவு அது. அடுத்து ஓட்டுநரைச் சாவியைத் திருகச் சொன்னார். முள் 12-க்குக் கீழே செல்லவில்லை. பேட்டரி வலுவிழந்திருந்தால் அவ்வேளையில் அது 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்திருக்கும். பேட்டரி குற்றமற்றது என்பது அப்போதே தெளிவாயிற்று. பாவம், பழைய பேட்டரியும் குற்றமற்றதாகவே இருந்திருக்கக் கூடும்! பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர் முனையிலும், மறு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் திருகச் சொன்னார். நல்ல வண்டியில் இங்கே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. மீட்டர் காட்டியதோ 6 வோல்ட்! பேட்டரியின் ஆற்றலில் பாதி, வேலை ஏதும் செய்யாமல், திரும்பும் வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது.

இச்சோதனையை ஓட்டம் செல்லும்போதே செய்தல் வேண்டும் என்பது முக்கியம். வண்டியை நிறுத்திவைத்து, ஓம் அளக்கும் மீட்டரால் அப்பட்டையைச் சோதித்தால் அது நலம் என்றே காட்டக்கூடும். நூறு இழைகளில் தொண்ணூறு அற்றுப்போய்ப் பத்தே எஞ்சியிருந்தாலும், மீட்டரின் சிற்றோட்டத்திற்கு அந்தப் பத்து இழைகள் போதும். ஆளில்லாத பனைமரப் பாலத்தைப் பார்த்து அதன் வலிமையை எங்ஙனம் அறிவது?

பட்டையைக் கழற்றிப் பார்த்தனர். ஒரு முனை பச்சைக் களிம்பேறி உளுத்திருந்தது. மறு முனையின் கதையோ வேடிக்கையானது. ஆயுதபூசைக்காக வண்டியின் அடிப்பகுதி முழுவதற்கும் கறுப்பு வண்ணம் பூசியிருந்தனர். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கழற்றிய பட்டையை வண்ணத்தின் மீதே வைத்துத் திருகியிருந்தனர். வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாப் பொருள். திருகாணியின் மரை உரசிய சிறிதளவு இடத்தில்தான் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பின்விளக்கின் மருமமும் இதே இனத்தைச் சேர்ந்தது. பிரேக் விளக்கிற்கும் இண்டிகேட்டருக்கும் பின்னால் ஒரே எர்த்துக் கம்பி. பனிக்கட்டி உருகிய உப்புநீர் தொட்டியின் ஓரமாக வழிந்து, அதன் திருகாணியை அரித்துவிட்டது. பிரேக் விளக்கின் இழையைக் கடந்து வந்த ஓட்டம், தன் வழி அடைபட்டிருக்கக் கண்டு, பக்கத்திலிருந்த இண்டிகேட்டரின் இழையில் பின்புறமாக நுழைந்தது; அதன் கம்பி வழியே வண்டியின் முன்புறம் வரை சென்று, அங்கிருந்த இண்டிகேட்டர் விளக்கைக் கடந்து, அதன் நல்ல எர்த்தின் மூலம் வீடு திரும்பியது. மூன்று விளக்குகள் ஓர் அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொண்டதால் மூன்றும் மங்கின. ஒன்றை இயக்க மற்றொன்று ஒளிர்ந்தால் எர்த்தையே முதலில் ஐயுறுதல் வேண்டும். இதனை உறுதி செய்ய ஒரு முழக் கம்பியே போதும் என்று சிலர் நினைப்பர். பேட்டரி தொலைவில் இருந்தால் ஏழெட்டு முழம் வேண்டும். அக்கம்பியின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர் முனையிலும், மறு முனையை விளக்குக் கூட்டின் எர்த்துக் கம்பியிலும் தொடுவித்தார் முதியவர். பிரேக் விளக்கு உடனே பளிச்சென்று எரிந்தது. முன்னால் இண்டிகேட்டர் அணைந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுதல் தகாது. விளக்கு மங்கினால் சிலர் உருகியை, அதாவது ஃபியூசை, ஐயுற்று அதற்குப் பதிலாகத் தடித்த செப்புக்கம்பியையோ சிகரெட்டு உறையின் வெள்ளித்தாளையோ செருகிவிடுகின்றனர். எர்த்து கெட்டால் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் ஃபியூஸ் போகாது. கம்பியின் காப்புறை தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு இரும்புடலைத் தொட்டால் ஓட்டம் அளவு கடந்து பாயும். அப்போதுதான் ஃபியூஸ் உருகித் தன்னை அழித்துக்கொண்டு வண்டியைக் காக்கும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான நோய்கள். செப்புக்கம்பி செருகிய வண்டியில் காப்புறை தேய்ந்த அன்று, உருக வேண்டிய ஃபியூஸ் உருகாது; கம்பித்தொகுதி முழுவதும் தீப்பற்றும். பல வண்டிகள் இவ்வாறு சாலையிலேயே எரிந்து எலும்புக்கூடாக நின்றிருக்கின்றன.

பழுது பார்க்கும் முறை எளிது. ஆனால் வரிசை தவறலாகாது. முதலில் பேட்டரியின் எதிர் முனையைக் கழற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் அதனையே கடைசியாக மாட்ட வேண்டும். நேர் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறி உடலைத் தொட்டால் பெருந்தீப்பொறி எழும். பிரிட்டனில் செய்யப்பட்ட பல பழைய வண்டிகளில் 1960-களின் நடுப்பகுதி வரை நேர் முனையையே உடலில் இணைத்திருந்தனர். அத்தகைய முதுவண்டிகளில் இவ்வரிசை மாறும். ஆகவே எந்த முனை உடலில் சேர்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகே கைவைக்க வேண்டும்.

பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பொடியை, ஆப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவலாம். அமிலம் சோடாவோடு சேர்ந்து நுரைத்து அடங்கும். கண்ணிலும் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். எர்த்துப் பட்டை சேரும் இடத்தில் வண்ணத்தையும் துருவையும் சுரண்டி, இரும்பு வெள்ளிபோல் மின்னும்வரை தேய்க்க வேண்டும். தேய்க்கும் தாளுக்கு நம் மக்கள் இட்ட பெயர் உப்புத்தாள். உப்பு செய்த கேட்டை உப்புத்தாள் தீர்க்கிறது! பிறகு புதிய பட்டையை வைத்து, பல்லுள்ள வாசர் இட்டு இறுக்கி, அதற்குப் பின்னரே வாசலினையோ கிரீசையோ மேலே பூச வேண்டும். இறுக்கிய இணைப்பினுள் ஈரம் புகாமல் தடுப்பதே அப்பூச்சின் வேலை. பின்விளக்கின் கம்பியிலோ களிம்பு உறைக்குள்ளேயே ஏறியிருந்தது. திரி எண்ணெயை இழுப்பதுபோல் கம்பியின் இழைகள் உப்புநீரை உள்ளே இழுத்துவிடுகின்றன. முதியவர் ஒரு சாண் நீளத்தை வெட்டினார், உள்ளே கறுத்திருந்தது. மேலும் ஒரு சாண் வெட்டிய பிறகே செந்நிறச் செம்பு தெரிந்தது. அங்கிருந்து புதுக்கம்பியை ஒட்டி, தொட்டியின் நீர் வழியாத உட்பக்கத்தில் எர்த்தைத் திருகினார்.

பட்டை, வாசர், சில முழம் கம்பி, அரைநாள் கூலி ஆகிய இவ்வளவே செலவு. எதிர் முனையை மாட்டியபின் மீட்டரை மீண்டும் எஞ்சினில் வைத்துச் சாவியைத் திருகினர். 0.2 வோல்ட் காட்டியது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது. இறுகிய ஆக்சிலரேட்டர்க் கம்பியை மட்டும் அன்று மாற்ற இயலவில்லை. பொன்னேரியிலிருந்து அது வரவேண்டியிருந்தது.